வேலி தாண்டியது நியாயமா?

(1971ஆம் ஆண்டில் பாகிஸ்தானின் இராணுவ ஆட்சிக்கு எதிராக இந்தியா நடத்திய போர் நியாயமானதா என்னும் பொருள்பற்றித் தம்புள்ளையில் நடைபெற்ற விவாதக் கூட்டத்தில், சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய முடிவுரையின் முழு வடிவம்.)

     

கண்டி வீதியும் யாழ்ப்பாண வீதியும் திருகோணமலை வீதியும் குருநாகல் வீதியும் வந்து கூடுகின்ற இந்தத் தம்புள்ளையிலே இன்று நாம் கூடியிருக்கின்றோம். வடக்கேயிருந்து மரக்கறி ஏற்றி வந்த கமக்காரர் பலர், லொறிகளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் நிறுத்திவிட்டு, தமக்குக் கிடைத்த சிறிய ஓய்வு நேரத்தை இக்கூட்டத்துக்குத் தந்திருக்கின்றனர். மாத்தளைத் தோட்டப் புறங்களிலிருந்து ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் வந்திருக்கின்றனர். உறக்கத்தை விட்டு வந்தவர்களுக்கு வெறும் சொற்பந்தல் போடுவது நன்றிகெட்ட செயலாகும். ஆகவே பொருளுக்கு நேரே வருகின்றோம்.

எமக்கு முன் பேசியோர் இரண்டு அணியாக நின்றனர். ஓர் அணியினர், "கொடுங்கோலன் எங்கிருந்தாலும் படைகொண்டு சென்று அவனை வீழ்த்துவது அறம், இந்தியா அந்த அறத்தைச் செய்தது" என்றனர். மற்றை அணியினர், "இந்தியா தன் பகைவனை இரண்டாகப் பிளக்க வாய்ப்புப் பார்த்திருந்தது, அகதிகளின் கண்ணீர் அதற்கு அகப்பட்ட சாட்டு, ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் மற்றொரு நாடு படைகொண்டு புகுவது எக்காலத்தும் குற்றம்" என்றனர். இருசாராரும் திறம்படவே வாதாடினர். எமது முடிவு முதல் அணியினரின் முடிவே. ஆனால் அவர்கள் காட்டிய காரணத்தை நாம் ஏற்கவில்லை. அந்தக் காரணத்தை ஏற்றுக்கொண்டோமானால் நாளை எந்தப் படை எந்த நாட்டுக்குள் புகுந்தாலும் நாம் வாய்மூடி இருக்க வேண்டிவரும். நியாயமான முடிவுக்குத் தவறான காரணம் சொல்வது, நல்ல வழக்கைக் கெட்ட சாட்சியைக் கொண்டு நடத்துவது போன்றது.

இந்த மலையின் சாட்சி

போரின் நியாயத்தைப் பேசுவதற்குத் தம்புள்ளை பொருத்தமான இடந்தான். அதோ தெரிகின்ற மலைக்குகைகளிலேதான், அநுராதபுரத்தை இழந்த வலகம்பா மன்னன் மறைந்து வாழ்ந்தான் என்பது ஐதிகம். 14 ஆண்டுகளின் பின் அவன் தன் அரசை மீட்டான். அவனை ஓட்டிய படையெடுப்பாளர் தமிழர் என்று மகாவம்சம் சொல்கிறது. எமக்கு ஒவ்வாத சாட்சியம் என்பதற்காக அதனை மறைத்துப் பேசுவது வழக்காடுபவனுக்கு அழகன்று. வேற்றுப்படை தம் மண்ணுக்குள் வந்தது என்ற நினைவு சிங்கள மக்களின் நெஞ்சில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதை இந்தக் குகைகளைக் காணும் தமிழன் மறத்தலாகாது.

அதே விகாரையிலே 1848ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் திகதி கொங்காலேகொட பண்டா என்பவர் அரசராக முடிசூட்டப்பட்டார். நாய்க்கு வரி, துவக்குக்கு வரி, வீதி வேலைக்குக் கட்டாய ஊழியம் என்று குடிகளை வருத்திய ஆங்கில ஆட்சிக்கு எதிராக மாத்தளைக் கமக்காரர் கிளர்ந்தெழுந்த கதை அது. படைச்சட்டம் பிறப்பிக்கப்பட்டது. ஆகஸ்ட் 8ஆம் திகதி புரன் அப்பு கண்டியிலே சுட்டுக் கொல்லப்பட்டார். கிளர்ச்சி தோற்றது. ஆயினும் அந்த அடக்குமுறையைப்பற்றி இலண்டன் பாராளுமன்றத்தில் விசாரணை எழுந்து, தேசாதிபதி டொரிங்டன் பதவியிழந்தார்.

இவ்விரு கதைகளும் இரண்டு உண்மைகளைச் சொல்கின்றன. அயற்படை தன் நாட்டில் நுழைவதை எந்த மக்களும் எளிதிற் பொறுப்பதில்லை என்பது ஒன்று. தம்மை நசுக்கும் ஆட்சியை எதிர்த்து எழும் உரிமை முதலில் அந்த மக்களுக்கே உரியது என்பது மற்றொன்று. இன்றைய வழக்கை இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவே வைத்தே தீர்க்க வேண்டும்.

வழக்கின் நிகழ்ச்சிகள்

1969 மார்ச்சில் அயூப்கானிடமிருந்து ஆட்சியைப் பெற்ற இராணுவத் தளபதி யாகியாகான், 1970 டிசம்பர் 7ஆம் திகதி பொதுத் தேர்தல் நடத்தினார். அத்தேர்தல் நேர்மையாக நடந்தது என்பதை அவருக்குச் சார்பாகவே சொல்ல வேண்டும். கிழக்குப் பாகிஸ்தானுக்குரிய 162 பொதுத் தொகுதிகளில் 160ஐ ஷேக் முஜிபுர் ரகுமானின் அவாமி லீக் வென்றது. பெண்களுக்கு ஒதுக்கிய இடங்களையும் சேர்த்து 313 உறுப்பினர் கொண்ட தேசிய சபையில் அக்கட்சிக்கு 167 இடங்கள் கிடைத்தன. முழு நாட்டையும் ஆளும் பெரும்பான்மை அது. வங்கமொழி பேசும் ஒருவர் பாகிஸ்தானின் பிரதமராக வேண்டும் என்பதே மக்கள் தந்த தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பு நிறைவேற்றப்படவில்லை. 1971 மார்ச் 3ஆம் திகதி கூடவிருந்த சபையை மார்ச் 1ஆம் திகதி யாகியாகான் ஒத்திவைத்தார். மார்ச் 25ஆம் திகதி இரவு டாக்கா நகரின்மேல் இராணுவத்தை ஏவினார். பல்கலைக்கழக விடுதிகளில் மாணவர்களும், வீடுகளில் பேராசிரியர்களும் சுடப்பட்டனர். முஜிபுர் ரகுமான் சிறைப்பட்டார். அடுத்த மாதங்களில் ஊர் ஊராகத் தீவைப்பும் கொலையும் நடந்தன. பெண்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளை இச்சபையில் விரித்துரைக்க நா கூசுகிறது. மாண்டோர் 30 இலட்சம் என்று வங்காளதேசம் சொல்கிறது. அதனினும் குறைவான தொகைகளைச் சொல்லும் ஆய்வாளரும் உளர். எந்தத் தொகையைக் கொண்டாலும் அது கொலைக்களம் என்பதில் ஐயமில்லை.

ஏறக்குறைய ஒரு கோடி மக்கள் எல்லை கடந்து இந்தியாவுக்குள் ஓடினர். அவ்வாண்டு எடுத்த குடிசன மதிப்பின்படி எமது இலங்கை முழுவதும் வாழ்ந்தோர் சுமார் 1 கோடி 27 இலட்சம். இலங்கையின் ஐந்து பங்கு மக்களில் நான்கு பங்கினர் எட்டு மாதங்களில் அயல்நாடு ஒன்றுக்குள் ஓடினால் எப்படியிருக்குமோ, அப்படியிருந்தது அது. அகதி முகாம்களில் வாந்திபேதி பரவியது. அகதிகளைத் தாங்கும் செலவுக்காக இந்திய மக்கள் தம் கடிதங்களில் 5 பைசா பெறுமதியான அகதி நிவாரண முத்திரையை மேலதிகமாக ஒட்டினர். திருச்சியிலிருந்து மதுரைக்குக் கடிதம் எழுதியவனும் டாக்காவின் துயரத்துக்குப் பணம் கொடுத்தான்.

1958இலும் 1977இலும் 1983இலும் அகதியானோர் இச்சபையில் இருக்கின்றீர்கள். அல்லது அகதியானோரின் பிள்ளைகள் இருக்கின்றீர்கள். மூட்டையைத் தலையிலும் பிள்ளையை இடுப்பிலும் ஏந்தி வவுனியாவுக்கு ஓடி வந்த தோட்ட மக்களை இந்த வீதி அறியும். அகதி என்ற சொல்லுக்குப் பொருள் சொல்ல உங்களுக்கு அகராதி வேண்டியதில்லை.

வீட்டுச் சட்டம் சொல்வது

இனிச் சட்டத்துக்கு வருவோம். ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 2ஆம் உறுப்புரை ஒரு நாடு மற்றொரு நாட்டின்மேல் பலத்தைப் பிரயோகிப்பதைத் தடுக்கிறது. 51ஆம் உறுப்புரை தற்காப்பு உரிமையை ஒப்புக்கொள்கிறது. அயல்நாட்டு மக்களை அவர்களது அரசே கொல்லும்போது என்ன செய்யலாம் என்பதற்கு அந்தச் சாசனத்தில் நேரான விடை இல்லை. எனவே கமக்காரர் யாவரும் அறிந்த சட்டம் ஒன்றைக்கொண்டு விளக்க விரும்புகின்றோம்.

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை இன்றும் எமது நாட்டின் குற்றவியற் சட்டத்துக்கு அடிப்படையாகும். அதன்படி ஒருவன் தன் உடலை மாத்திரமன்றிப் பிறர் உடலையும் காக்கும் உரிமை உடையவன். அடுத்த வளவுக்காரன் கத்தி எடுத்துத் தன் வீட்டாரை வெட்டுகிறான், கூக்குரல் கேட்கிறது. நீங்கள் வேலியைத் தாண்டி ஓடி அவன் கையை மடக்குகின்றீர்கள். அனுமதியின்றி வளவுக்குள் புகுந்தாய் என்று எந்த நீதவானும் உங்களைத் தண்டிக்கமாட்டார்.

ஆனால் அந்த உரிமைக்கு எல்லைகள் உண்டு. உண்மையான ஆபத்து கண்முன் நிற்க வேண்டும். அயலவன் கெட்டவன் என்பது மட்டும் போதாது. பொலிசாரிடம் சென்று பாதுகாப்புக் கேட்க அவகாசம் இருந்தால் அங்கேதான் செல்ல வேண்டும். காப்பதற்குத் தேவையானதற்கு மேலாக அடிக்கக் கூடாது. இம்மூன்றும் சட்டம் சொல்பவை. நான்காவது ஒன்றை உலகவழக்குச் சொல்கிறது: காரியம் முடிந்ததும் வேலியைத் தாண்டித் திரும்ப வேண்டும். காப்பாற்றப் போனேன் என்று சொல்லி அந்த வீட்டிலேயே பாய் விரித்துப் படுத்தவனுக்கும் அபகரித்தவனுக்கும் வேற்றுமை இல்லை.

இந்த நான்கு அளவுகோல்களையும் 1971இன் வழக்குக்குப் பிரயோகித்துப் பாருங்கள்.

ஆபத்து உண்மையானதா? ஒரு கோடி அகதிகள் சாட்சி. டாக்காவில் இருந்த அமெரிக்கத் துணைத்தூதர் ஆர்ச்சர் பிளட் என்பவரும் அவரது உத்தியோகத்தர்களும், தம் அரசாங்கம் இக்கொலைகளைக் கண்டிக்கவில்லை என்று மனம் வெதும்பி, 1971 ஏப்பிரலில் தம் அரசுக்கே எதிர்ப்புத் தந்தி அனுப்பினர். யாகியாகானுக்குத் துணைநின்ற அரசின் உத்தியோகத்தர்கள் தந்த சாட்சியம் அது. அதனினும் வலிய சாட்சியம் எது வேண்டும்?

பொலிசாரிடம் செல்லவில்லையா? உலகுக்குப் பொலிஸ் நிலையம் என்று ஒன்று உண்டானால் அது பாதுகாப்புச் சபையே. செயலாளர் நாயகம் ஊ தாண்ட், ஜூலை மாதத்திலேயே சபையின் தலைவருக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை விடுத்தார். சபை கூடவில்லை. இந்திரா காந்தி அம்மையார் இலையுதிர்காலத்தில் ஐரோப்பியத் தலைநகரங்களுக்கும் வாஷிங்டனுக்கும் நேரிற் சென்று முறையிட்டார். பயன் விளையவில்லை. வங்கப் பிரச்சினைக்காகப் பாதுகாப்புச் சபை முதன்முதற் கூடிய நாள் 1971 டிசம்பர் 4. அதாவது போர் மூண்ட மறுநாள். எட்டு மாதம் கதவைத் தட்டியபோது திறவாத நிலையம், வேலி தாண்டியவனைப் பிடிக்க மட்டும் விரைந்து திறந்தது.

அளவுக்கு மேல் அடித்தார்களா? டிசம்பர் 3ஆம் திகதி பாகிஸ்தான் விமானங்கள் இந்திய விமானத்தளங்களைத் தாக்கின. டிசம்பர் 16ஆம் திகதி டாக்காவில் தளபதி நியாசி சரணடைந்தார். பதின்மூன்று நாட்கள். ஏறக்குறைய 93,000 பேர் கைதாயினர். டாக்கா வீழ்ந்ததும் மேற்கு எல்லையிலும் இந்தியா தானாகவே போர்நிறுத்தம் அறிவித்தது. 1972 ஜூலையில் சிம்லாவில் செய்த உடன்படிக்கையின்படி, காஷ்மீர்ப் பகுதி நீங்கலாக, மேற்கில் கைப்பற்றிய நிலத்தைத் திருப்பிக் கொடுத்தது.

திரும்பிப் போனார்களா? போனார்கள். 1972 மார்ச் மாதத்தில் இந்தியப் படை வங்காளதேசத்தை விட்டு வெளியேறியது. அகதிகளிற் பெரும்பாலோரும் அதற்குள் தம் ஊர் திரும்பினர். ஆட்சி, 1970 தேர்தலில் வங்க மக்கள் தெரிந்தெடுத்தவர்களின் கைக்கே சென்றது. இந்தியப் படை தனக்கு வேண்டிய ஒருவரைக் கொண்டுவந்து அரியணையில் ஏற்றவில்லை. மக்கள் முன்னரே அளித்த தீர்ப்பை நிறைவேற்றிய ஆமீனாகவே அது நடந்துகொண்டது. எமது கணிப்பில் இந்தப் போரின் நியாயம் முழுவதும் இந்த ஓர் இடத்திலேயே தங்கியிருக்கின்றது.

எதிர்த்தரப்பின் வாதம்

எதிர்த்தரப்புக்கும் நியாயம் செய்வோம். இந்தியா தன் நலத்தையும் பார்த்தது என்று அவர்கள் சொன்னது உண்மை. பகைநாடு இரண்டாவது எந்த அரசுக்குக் கசக்கும்? டிசம்பர் 3 வரை இந்தியா கைகட்டி நின்றது என்பதும் முழு உண்மையன்று. முக்தி பாகினிப் போராளிகளுக்கு அது மாதக்கணக்காகப் பயிற்சி அளித்தது. நவம்பர் 21ஆம் திகதியளவிலேயே இந்தியப் படை எல்லை தாண்டிப் போரிட்டது. டிசம்பர் 7ஆம் திகதி ஐக்கிய நாடுகளின் பொதுச் சபையில், போரை நிறுத்திப் படைகளைத் திருப்பி அழைக்கும்படி 104 நாடுகள் வாக்களித்தன. எதிர்த்தவை 11 மாத்திரமே.

ஆயினும் கூக்குரல் கேட்டு ஓடியவனுக்கு அந்த அயலவனோடு பழைய எல்லைத் தகராறும் இருந்தது என்பதனால் அவன் காப்பாற்றிய உயிர் உயிரல்லாமற் போகாது. மனத்தின் தூய்மையைக் கடவுள் அளக்கட்டும். சட்டம் செயலை அளக்கும். இந்தியாவின் நெஞ்சில் என்ன இருந்தது என்று கேட்பதினும், அது எந்த எல்லையில் நின்றது, எப்போது திரும்பியது என்று கேட்பதே நியாயத்தலத்துக்குரிய கேள்வி.

விடுதலைக்குப் பின் நடந்தவற்றையும் மறைக்க மாட்டோம். உருது பேசிய பிகாரி மக்கள் வஞ்சந்தீர்ப்புக்கு ஆளாயினர். அவர்களில் இலட்சக்கணக்கானோர் நாடற்றோராகப் பல பத்தாண்டுகள் முகாம்களிற் கிடந்தனர். 2008ஆம் ஆண்டிலேயே டாக்கா உயர்நீதிமன்றம் அவர்களது குடியுரிமையை உறுதிசெய்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்த மலையக மக்களுக்கு அந்த முகாம்களின் துயரம் விளங்கும். முஜிபுர் ரகுமானே 1975 தொடக்கத்தில் ஒரு கட்சி ஆட்சியை ஏற்படுத்தினார். அவ்வாண்டு ஆகஸ்டில் தம் படையினராலேயே கொல்லப்பட்டார். பின்பு இராணுவ ஆட்சி வந்தது. அயற்படை கொலையை நிறுத்தலாம். நல்லாட்சியைக் கட்டிக் கொடுக்க அதனால் இயலாது. அந்த வேலை அந்தந்த நாட்டு மக்களுடையது.

கட்டுநாயக்காவில் இறங்கிய விமானங்கள்

"எங்கோ நடந்த போர், இலங்கைக் கமக்காரனுக்கு அதில் என்ன?" என்று கேட்போர் உளர். 1971 பெப்ரவரியில், விமானக் கடத்தல் ஒன்றை அடுத்து, பாகிஸ்தான் விமானங்கள் தன் வான்வழியே பறப்பதை இந்தியா தடுத்தது. அதன்பின் கராச்சியிலிருந்து டாக்காவுக்குச் செல்லும் பாகிஸ்தான் விமானங்கள் எமது கட்டுநாயக்காவில் இறங்கி எரிபொருள் நிரப்பிச் சென்றன. படைவீரர்கள் சாதாரண உடையிற் கொண்டுசெல்லப்படுகின்றனர் என்று அஞ்சியது இந்தியா. அவை குடியியல் விமானங்களே என்றது சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரின் அரசாங்கம்.

அந்த அரசாங்கத்தின் இடரையும் நாம் அறிவோம். அந்த ஏப்பிரலிலேதான் தென்னிலங்கை இளைஞர்களின் கிளர்ச்சி வெடித்தது. அதனை அடக்க இந்தியாவும் உதவியது, பாகிஸ்தானும் உதவியது. இருவரிடமும் கடன்பட்டவன் எவரையும் பகைக்க அஞ்சுவான். ஆனாலும் ஒன்றைச் சிந்தியுங்கள். எமது மண்ணில் நிரப்பிய எண்ணெயோடு டாக்காவுக்குப் பறந்த விமானத்தில் யார் இருந்தனர், என்ன இருந்தது என்பது அன்றைய கமக்காரனுக்குத் தெரியுமா? எழுதுவினைஞனுக்குத் தெரியுமா? நாம் நடுநிலை என்றிருந்தோம். எமது ஓடுபாதை நடுநிலையாக இருந்ததா?

அளவுகோல் யாவருக்கும் ஒன்றே

முதல் அணியினரிடம் இப்போது திரும்புகின்றோம். கொடுங்கோலன் என்பதே போதும் என்றீர்கள். சதாம் உசேன் கொடுங்கோலர் அல்லரா? 1988 மார்ச்சில் ஹலப்ஜா ஊரில் நச்சுவாயு வீசித் தம் நாட்டுக் குர்து மக்களை ஆயிரக்கணக்கிற் கொன்றவர் அவர். அன்று வேலி தாண்டியிருந்தால் நியாயம் இருந்திருக்கும். அன்று ஒருவரும் தாண்டவில்லை. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2003 மார்ச்சில், பேரழிவு ஆயுதங்கள் உண்டென்று சொல்லி அமெரிக்காவும் பிரித்தானியாவும் ஈராக்கினுட் புகுந்தன. பாதுகாப்புச் சபையின் அனுமதி இல்லை. சொன்ன ஆயுதங்களும் அங்கே அகப்படவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்துத் தடுக்கப்பட்ட தலைவர் எவரிடமும் ஆட்சியை ஒப்படைக்க அவர்கள் போகவில்லை. படை திரும்ப எட்டு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. எமது தேயிலையை விரும்பிக் குடித்த அந்த நாடு, கொடுங்கோலன் வீழ்ந்தபின்னும் குண்டுவெடிப்பிலும் உட்பகையிலும் உழன்றது.

கம்போடியாவையும் பாருங்கள். 1978 டிசம்பரில் வியட்நாமியப் படை உட்புகுந்து, 1979 ஜனவரி 7ஆம் திகதி போல் பொட்டின் கொலையாட்சியை நொம் பென் நகரிலிருந்து துரத்தியது. அது நிறுத்திய கொலையின் அளவை நோக்கினால் அப்படையெடுப்புக்கு நியாயம் உண்டு. ஆனால் படை திரும்பியது 1989இல். முதலிரண்டு கேள்விகளுக்கு நல்ல விடை. நான்காவதற்குக் கெட்ட விடை. அளவுகோலை நேராகப் பிடித்தால் இப்படித்தான் தீர்ப்பு வரும். ஒரு பக்கம் முழுவெண்மை, மறுபக்கம் முழுக்கருமை என்று வராது.

திருவள்ளுவர் கொடுங்கோன்மைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். அதில் அரசனுக்கு எச்சரிக்கை உண்டு. குடிகளின் துயரத்துக்கு இடமுண்டு. அயலரசனுக்கு அழைப்பு மட்டும் அங்கே இல்லை.

எமது முற்றத்தில்

கடைசியாக, எமக்கே வலிக்கும் இடத்துக்கு வருகின்றோம். 1971 டிசம்பரில் டாக்காவில் மக்கள் இந்தியப் படையை மாலையிட்டு வரவேற்ற செய்தி, ஈழத் தமிழ் இளைஞர் பலரின் நெஞ்சிலே ஒரு கனவை விதைத்தது. "அங்கே வந்தவர்கள் இங்கும் வருவர்" என்பதே அக்கனவு. 1987 ஜூன் 4ஆம் திகதி இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின்மேல் உணவுப் பொதிகளைப் போட்டன. ஜூலை 29ஆம் திகதி ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தனர். படை வந்தது. யாழ்ப்பாணத்து மக்களும் மாலையிட்டார்கள். அக்டோபரில் அதே படையோடு போர் மூண்டது. வைத்தியசாலைக்குள்ளும் உயிர்கள் மாய்ந்தன. 1990 மார்ச்சில் அப்படை திரும்பியபோது, அதன் வீரர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இம்மண்ணில் மாண்டிருந்தனர். மாண்ட எமது மக்களின் துயரம் இன்னும் ஆறவில்லை.

ஒரே நாட்டுப் படை. பதினாறு ஆண்டு இடைவெளி. டாக்காவிலே மக்கள் தேர்தலில் தீர்ப்பளித்திருந்தனர். அவர்களது பிரதிநிதிகள் 1971 ஏப்பிரலிலேயே ஓர் அரசாங்கத்தை அமைத்திருந்தனர். படை அவர்களோடு நின்றது. இங்கே ஒப்பந்தத்தை இரண்டு அரசாங்கங்கள் எழுதின. எவருக்காக எழுதப்பட்டதோ அவர்கள் கையொப்பமிடவில்லை. 1987இல் வந்தது கொடுங்கோலாட்சிமீது தொடுத்த போர் அன்று என்பதை நாம் அறிவோம். ஆயினும் பாடம் ஒன்றே. வருகின்ற படையின் வலிமையைப் பார்த்து மாலை தொடுப்பவன் ஏமாறுவான். அது எவரது தீர்ப்பை நிறைவேற்ற வருகிறது, எப்போது திரும்பும் என்று கேட்டறிந்தவனே பிழைப்பான்.

எம்மிடையே இன்றும் சிலர், வெளியிலிருந்து ஒரு படை வந்து எமது குறைகளைத் தீர்க்கும் என்று சொல்லிக்கொண்டிருக்கின்றனர். அவர்களுக்குச் சினமின்றிச் சொல்கின்றோம்: 1970இல் வங்க மக்கள் வாக்குச்சாவடியில் முதலில் தம் வேலையைச் செய்தனர். ஒரே குரலாகத் தீர்ப்பளித்தனர். அந்தத் தீர்ப்பு இல்லாதிருந்தால் இந்தியப் படையும் வெறும் படையெடுப்பாகவே போயிருக்கும். அயலாரின் உதவிக்கு நியாயம் கொடுப்பது எமது ஒற்றுமையும் எமது வாக்குமேயன்றி, அயலாரின் பீரங்கியன்று.

நாம் கேட்பது

ஆகவே எமது தீர்ப்பு இது. 1971இன் போர் நியாயமானது. யாகியாகான் கொடியவர் என்பதனால் மட்டுமன்று. கொல்லப்பட்ட மக்கள் தாமே தீர்ப்பளித்து, தாமே எழுந்து, தாமே உதவி கேட்டனர். கேட்க வேண்டிய கதவுகளெல்லாம் தட்டப்பட்டன. போன படை வேலையை முடித்துத் திரும்பியது. இவற்றில் ஒன்று குறையுமானால் எமது வாக்கையும் மாற்றிக்கொள்வோம்; போகின்ற நாடு எமக்கு வேண்டிய நாடாயினும் மாற்றிக்கொள்வோம்.

இக்கூட்டம் கலையுமுன் உங்களிடம் ஒரு காரியம் கேட்கின்றோம். எமது தீவின் துறைமுகங்களும் விமானத்தளங்களும் பெரிய நாடுகள் கண்வைக்கும் இடங்கள். திருகோணமலை இங்கிருந்து சில மணிநேர வழி. நாளை ஒரு போரில் ஏதேனும் ஒரு தரப்பு எமது துறையையோ ஓடுபாதையையோ கேட்கும்போது, பாராளுமன்றத்தில் வெளிப்படையாக விவாதித்து முடிவெடுக்காமல் எந்த அரசாங்கமும் அதற்கு இணங்கலாகாது. வாக்குக் கேட்டு உங்கள் ஊருக்கு வருகின்ற ஒவ்வொருவரிடமும், தமிழராயினும் சிங்களவராயினும் முஸ்லிமாயினும், இந்த உறுதியைக் கேளுங்கள். மரக்கறி விலையைக் கேட்கும் அதே குரலில் இதனையும் கேளுங்கள். போர் வந்தால் எண்ணெய் விலையும் பசளை விலையும் லொறிக் கூலியும் எங்கே போகும் என்பதை உங்களினும் நன்றாக அறிந்தவர் எவருமில்லை.